மாற்றுத்திறனாளிகளின் சமூக நலம்: தேசியக் கணக்கெடுப்புத் தரவை வைத்து ஆய்வு செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூகப்பணி, சமூகவியல், பொருளியல் படிக்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளில் வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் இந்தியத் தரவைப் பற்றித்தான். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றில்தான் ஆய்வேடே தடுக்கி விழுகிறது, அங்கே கொஞ்சம் நின்று பேசியிருக்கிறேன்.

நேரில் போய் நூறு பேரிடம் படிவம் நிரப்பி வா என்கிறார் கைடு. தேசியத் தரவு எதற்கு?

நூறு பேரை நேரில் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த நூறு பேர் யார்? பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பட்டியலிலோ, அடையாள அட்டை முகாமின் வரிசையிலோ கிடைத்தவர்கள். 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 76ஆவது சுற்றுப்படி, இந்திய மாற்றுத்திறனாளிகளில் அதற்கான சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம்தான். மீதி எழுபது சதவீதத்துக்கு மேற்பட்டோர் எந்த முகாம் வரிசையிலும் உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். சான்றிதழ் வாங்கும் அளவுக்கு ஆள் துணை, பேருந்துக் காசு, விவரம் எல்லாம் உள்ளவர்களை மட்டும் பார்த்துவிட்டு, ‘மாற்றுத்திறனாளிகளின் சமூக நலம்’ என்று தலைப்பு வைப்பது பொருந்தாது.

அதே சமயம், தேசியத் தரவு ஒருவரின் வாழ்க்கையை உள்ளே போய்ப் பார்க்காது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், நூறு பேரிடம் பேசியதை நூறு பேரிடம் பேசியதாகவே எழுதுங்கள். சதவீதமும் கை-வர்க்கச் (chi-square) சோதனையும் போட்டு அதை மாநிலத்துக்கே பொருத்த வேண்டாம்.

எந்தக் கணக்கெடுப்பில் தொடங்குவது?

இந்தியாவுக்கு என்றால் நான்கைந்து இருக்கின்றன. முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2001, 2011 இரண்டிலும் மாற்றுத்திறன் பற்றிய கேள்வி உண்டு. மாவட்டம் வரை எண்ணிக்கை கிடைக்கும், ஆனால் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்லாது. அடுத்தது நான் மேலே சொன்ன தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 76ஆவது சுற்று. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடத்தப்பட்டது. இதற்கு முன்னால் 1981, 1991, 2002 ஆகிய ஆண்டுகளிலும் இப்படித் தனிச் சுற்றுகள் நடந்தன.

45 வயதைக் கடந்தவர்களைப் பற்றி என்றால் ‘லாசி’ எனப்படும் இந்திய முதுமை நீள்தொடர் ஆய்வு. அதன் முதல் சுற்று 2017இல் தொடங்கி, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. அப்புறம் ஐ.எச்.டி.எஸ். எனப்படும் இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு. 2004-05இல் 41,554 குடும்பங்களைப் பார்த்துவிட்டு, 2011-12இல் அவற்றில் 83 சதவீதக் குடும்பங்களுக்கு மறுபடியும் போனார்கள்.

தரவைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேள்வியைத் தேடாதீர்கள். உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கணக்கெடுப்பின் வினாப்பட்டியலையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். இரண்டு மாலைப்பொழுது போகும், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் நேரே மென்பொருளைத் திறப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்து, ‘தனிமை பற்றிய கேள்வி எந்தக் கோப்பில் இருக்கிறது’ என்று கேட்கிறார்கள். அவர்கள் எடுத்த தரவில் அந்தக் கேள்வியே கிடையாது.

இந்தியாவில் 2.2 சதவீதம் என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 16 சதவீதம் என்கிறது. எது உண்மை?

இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 சதவீதம். 2018 மாதிரிக் கணக்கெடுப்பிலும் 2.2 சதவீதம். இரண்டிலும், குறிப்பிட்ட சில குறைபாட்டு வகைகளைச் சொல்லி, வீட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பதிவு செய்யும் முறை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 16 சதவீதம், ஏறக்குறைய 130 கோடிப் பேர், என்பது அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க சிரமம் உள்ளவர்கள் எல்லாரையும் கணக்கில் கொண்ட மதிப்பீடு.

இது களத்தில் எப்படி நடக்கும் என்று பாருங்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கிறார்: “வீட்ல யாராவது மாற்றுத்திறனாளிங்க இருக்காங்களா?” மருமகள் சொல்கிறார்: “அப்படி யாரும் இல்லீங்க.” திண்ணையில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை, ஆறு மணிக்கு மேல் சுவரைத் தடவித்தான் நடப்பார். மருமகள் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை மாமனாருக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான். அதே வீட்டில், ‘கண்ணாடி போட்டுக்கொண்டாலும் பார்ப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கிறதா’ என்று கேட்டிருந்தால், “ரொம்பச் சிரமம்தான்” என்று பதில் வந்திருக்கும்.

வாஷிங்டன் குழுக் கேள்விகள் என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அது இதுதானா?

ஆமாம். ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த குழு. அதன் சுருக்கத் தொகுப்பில் ஆறே கேள்விகள்: பார்த்தல், கேட்டல், நடத்தல் அல்லது படி ஏறுதல், நினைவில் வைத்தல் அல்லது கவனம் செலுத்துதல், குளிப்பது உடுத்துவது போன்ற சுயபராமரிப்பு, பேசிப் புரியவைத்தல். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது. ஏதாவது ஒன்றிலாவது ‘மிகுந்த சிரமம்’ அல்லது அதற்கு மேல் இருந்தால் மாற்றுத்திறனாளி என்று கொள்ளச் சொல்கிறார்கள். இந்தக் கேள்விகளில் ஊனம், குறைபாடு, மாற்றுத்திறன் என்ற சொல் எங்குமே வராது. அதில்தான் இதன் பலமே இருக்கிறது.

இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் இந்த வகைக் கேள்விகளைக் கேட்டார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிரமம் இருப்பதாகப் பதிவானது. இதைப் பார்த்துவிட்டு, ‘இந்தியாவைவிட இலங்கையில் மாற்றுத்திறனாளிகள் நான்கு மடங்கு, போர்தான் காரணம்’ என்று எழுதிவிட வேண்டாம். போர் பலரை ஊனப்படுத்தியது உண்மை. ஆனால் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கேள்வியிலிருந்தே வந்துவிடுகிறது. ‘கொஞ்சம் சிரமம்’ என்பவர்களையும் சேர்த்த கணக்கு அது என்பதையும் மறக்கக் கூடாது.

குழந்தைகளுக்கு இந்த ஆறு கேள்விகள் சரிவராது. 2 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு யுனிசெஃபும் இதே குழுவும் சேர்ந்து தனித் தொகுப்பு ஒன்றைத் தயாரித்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2001இல் 16.4 லட்சம், 2011இல் 11.8 லட்சம். பத்தே ஆண்டில் இவ்வளவு குறைந்ததற்கு நலத்திட்டங்கள் காரணமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் விடை தரவுக்குள்ளேயே இருக்கிறது. மொத்தத்தைப் பார்க்காதீர்கள், வகைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு என்ற வகையில் 2001இல் பதிவானவர்கள் ஏறக்குறைய 9.6 லட்சம். 2011இல் சுமார் 1.3 லட்சம். எட்டு லட்சம் பேருக்குப் பார்வை திரும்பிவிடவில்லை, வரையறைதான் மாறியது. 2001இல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரும் பார்வைக் குறைபாடு உள்ளவராகக் கணக்கிடப்பட்டார். 2011இல் அப்படி இல்லை.

கேட்டலில் இதற்கு நேர்மாறு. 2001இல் காது கேட்கும் கருவி வைத்திருப்பவரைக் கணக்கில் சேர்க்கவில்லை, 2011இல் சேர்த்தார்கள். அகில இந்திய அளவில் கேட்டல் குறைபாடு சுமார் 12.6 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்குத் தாவியது. பார்வைக் குறைபாடு 1.06 கோடியிலிருந்து 50 லட்சமாக இறங்கியது. மொத்தம் மட்டும் 2.13 சதவீதத்திலிருந்து 2.21 சதவீதம் என்று ஒன்றுமே நடக்காதது போல நிற்கிறது. வகைகளும் ஐந்திலிருந்து எட்டாகின.

ஆக, இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு ‘அதிகரித்தது, குறைந்தது’ என்று எழுதும் முன், இரண்டின் கணக்கெடுப்பாளர் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாக வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான். இனி வரும் தரவில் இந்தச் சிக்கல் கூடத்தான் செய்யும்.

பெண்களில் 1.9 சதவீதம், ஆண்களில் 2.4 சதவீதம். பெண்களுக்குக் குறைபாடு குறைவா?

2018 கணக்கெடுப்பின் எண்கள் அவை. ஆனால் செயல்பாட்டுக் கேள்விகளை வைத்து 59 நாடுகளில் நடந்த உலகச் சுகாதார ஆய்வில் பெண்கள் 19.2 சதவீதம், ஆண்கள் 12 சதவீதம் என்று தலைகீழாக வந்தது. நம் ஊரில் பெண்ணின் குறைபாட்டை வீட்டார் வெளியே சொல்லத் தயங்குவது ஒரு காரணமாக இருக்கலாம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் மனநோய் பற்றி யாராவது கேட்டால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். வேலை விபத்து, சாலை விபத்து ஆண்களுக்கு அதிகம் என்பதும் உண்டு. இந்த இரண்டையும் இந்தத் தரவை வைத்துப் பிரித்துக் காட்டுவது கடினம். ஆய்வேட்டில் அதை அப்படியே எழுதுங்கள்.

‘சமூக நலம்’ என்பதை எதை வைத்து அளப்பது?

இங்கேதான் பெரும்பாலான ஆய்வுகள் வழுக்குகின்றன. சமூக நலம் என்ற பெயரில் எந்தக் கணக்கெடுப்பிலும் ஒரு பத்தி கிடையாது. கேட்கப்பட்ட கேள்விகளிலிருந்து நீங்கள்தான் அதைக் கட்ட வேண்டும்.

76ஆவது சுற்றில் என்ன இருக்கிறது? யாருடன் வசிக்கிறார், பராமரிக்க ஆள் உண்டா, பள்ளியில் சேர்ந்தாரா, வேலையில் இருக்கிறாரா, அரசு உதவி கிடைத்ததா, பொதுப் போக்குவரத்தையும் பொதுக் கட்டடங்களையும் பயன்படுத்துவதில் சிரமம் உண்டா. இவை வெளிச் சூழலைச் சொல்லும். அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, நண்பர்கள் உண்டா, கல்யாண வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்களா என்பதையெல்லாம் சொல்லாது. பராமரிப்பாளர் இருக்கிறார் என்று 62.1 சதவீதம் பேருக்குப் பதிவாகியிருக்கிறது. பராமரிப்பு எப்படி இருக்கிறது என்பது அதில் இல்லை. தனியாக வசிப்பவர்கள் 3.7 சதவீதம்தான். இதைப் பார்த்து, ‘தனிமை பெரிய பிரச்சினை இல்லை’ என்று எழுதிய வரைவுகளை நான் படித்திருக்கிறேன். எட்டுப் பேர் உள்ள வீட்டின் பின்கட்டில் நாள் முழுக்க யாரும் பேசாமல் கிடப்பவரும் இந்தக் கணக்கில் குடும்பத்தோடு வசிப்பவர்தான்.

லாசியில் நிலைமை வேறு. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாடச் செயல்களில் சிரமம் உண்டா என்று கேட்டுவிட்டு, அதே ஆளிடம் மனச்சோர்வு, வாழ்க்கைத் திருப்தி, அன்றாடம் சந்திக்கும் பாகுபாடு, சமூக நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வது எல்லாம் கேட்கிறார்கள். அகநிலை நலத்தைப் பற்றி எழுத இதுதான் நல்ல இடம். ஆனால் இருபது வயது இளைஞரைப் பற்றி இதில் ஒன்றும் கிடைக்காது.

ஐ.எச்.டி.எஸ்.ஸில் சங்கங்களில் உறுப்பினரா, ஆசிரியர், டாக்டர், அரசு அதிகாரி என்று யாரையாவது தெரியுமா, நிறுவனங்கள் மீது நம்பிக்கை உண்டா என்ற அருமையான கேள்விகள் இருக்கின்றன. ஆனால் அவை குடும்பத்தைப் பற்றியவை. அண்ணன் சாதிச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் குடும்பமே உறுப்பினர் என்று பதிவாகும். அதை எடுத்து, பார்வையற்ற தம்பியின் சமூகப் பங்கேற்பு என்று எழுத முடியாது.

என் யோசனை: ஐந்தாறு மாறிகளைக் கூட்டி ‘சமூக நலக் குறியீடு’ என்று ஒரே எண் ஆக்காதீர்கள். தேர்வாளருக்கு அது அழகாகத் தெரியும். ஆனால் பள்ளிச் சேர்க்கை ஏறி, திருமண வாய்ப்பு இறங்கினால் அந்த எண் அசையாமல் நிற்கும், உங்களுக்கு எதுவுமே தெரியாது. இரண்டு மூன்று கூறுகளைத் தனித்தனியாக எடுத்துப் பேசுங்கள்.

பதில் சொன்னது மாற்றுத்திறனாளியே தானா?

பல நேரம் இல்லை. இந்த மாதிரிக் குடும்பக் கணக்கெடுப்புகளில் பெரும்பாலும் குடும்பத் தலைவரோ, அந்த நேரத்தில் வீட்டில் இருந்த விவரம் தெரிந்தவரோதான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார். சான்றிதழ் உண்டா, எந்த வயதில் குறைபாடு வந்தது என்பதற்கு இது பரவாயில்லை. ‘வேலை தேடுகிறாரா’ என்ற கேள்விக்கே தகராறு ஆரம்பித்துவிடும். மகள் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பது அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

யார் பதில் சொன்னார் என்ற மாறி கோப்பில் இருந்தால் அதை எடுத்து முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். லாசியில் நேரடியாகப் பதில் சொல்ல முடியாதவர்களுக்குப் பதிலாள் பேட்டி உண்டு. ஆனால் மனநிலை பற்றிய கேள்விகளை வேறொருவரிடம் கேட்டுப் பயனில்லை. அதனால் மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களே மனநலப் பகுதியிலிருந்து விடுபட்டுப் போகிறார்கள். அவர்களை நீக்கிவிட்டு வரும் சராசரி, உண்மையைவிடக் கொஞ்சம் நன்றாகத் தெரியும்.

76ஆவது சுற்றின் தரவை இறக்கி எண்ணிப் பார்த்தேன். 18 சதவீதம் வருகிறது! அறிக்கையில் 2.2 என்று இருக்கிறதே?

நல்லது, எண்ணிப் பார்த்தீர்களே. அந்தச் சுற்றில் 1,18,152 குடும்பங்களில் 5,76,569 பேரின் விவரம் இருக்கிறது. அவர்களில் 1,06,894 பேர் மாற்றுத்திறனாளிகள். வகுத்தால் 18.5 சதவீதம். காரணம், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளை வேண்டுமென்றே அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமத்தில் முதலில் வீடுகளைப் பட்டியலிட்டு, எந்த வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த வீடுகளுக்குத் தனி இடம் ஒதுக்கி மாதிரி எடுத்தார்கள். சும்மா குலுக்கல் முறையில் எடுத்திருந்தால் நூறு பேருக்கு இரண்டு பேர்தான் சிக்கியிருப்பார்கள், ஆய்வு செய்ய ஆளே போதாது.

இதைச் சரிசெய்யத்தான் ஒவ்வொரு வரிசையிலும் பெருக்கி எண் ஒன்று இருக்கிறது. இந்த ஒரு வரி நாட்டில் எத்தனை பேருக்குச் சமம் என்று அது சொல்லும். அதைப் போட்டதும் 18.5 என்பது 2.2 ஆகிவிடும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக் கோப்புகளில் பெருக்கி தசமப் புள்ளி இல்லாமல் இருக்கும். அதை 100ஆலா 200ஆலா வகுக்க வேண்டும் என்பதைக் கூடவே வரும் விளக்கக் கோப்பைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது. முதல் வேலையாக, அறிக்கையில் அச்சாகியிருக்கும் ஏதாவது இரண்டு மூன்று எண்களை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் எங்கோ இடிக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த அட்டவணைக்குப் போகாதீர்கள்.

பெருக்கி போட்டால் சதவீதம் சரியாகிவிடும், பிழை வரம்பு சரியாகாது. கிராமம் கிராமமாகக் கொத்தாக எடுத்த மாதிரி இது. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அடுக்கு (மாதிரி எடுக்கும் முன் பிரித்த பிரிவு), முதல்நிலை அலகு (முதலில் தேர்ந்தெடுத்த கிராமம் அல்லது நகர்ப் பகுதி) இரண்டையும் மென்பொருளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெண்களை மட்டும் ஆராய்கிறோம் என்று ஆண்களின் வரிசைகளை அழித்துவிடாமல், துணைக்குழுவாகக் குறித்துக் கணக்கிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளிடையே வேலையின்மை மற்றவர்களைவிடக் குறைவாக வருகிறது. நல்ல செய்திதானே?

இல்லை. 2018 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளின் வேலையின்மை விகிதம் 4.2 சதவீதம். கிட்டத்தட்ட அதே காலத்தின், 2018-19 ஆண்டுக்கான தொழிலாளர் கணக்கெடுப்பில் பொதுமக்களுக்கு 5.8 சதவீதம். இதை மட்டும் போட்டால் மாற்றுத்திறனாளிகள் கொடுத்து வைத்தவர்கள் மாதிரித்தான் தெரியும்.

வேலையில்லாதவர் என்றால் வேலை இல்லாமல், வேலை தேடிக்கொண்டோ வேலைக்குத் தயாராகவோ இருப்பவர். தேடித் தேடி அலுத்துப் போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர், ‘உன்னால் முடியாது’ என்று வீட்டாரே நிறுத்திவைத்தவர் யாரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உழைப்புச் சந்தையில் பங்கேற்பவர்கள் மாற்றுத்திறனாளிகளில் 23.8 சதவீதம், பொதுவில் 50.2 சதவீதம். உண்மையில் வேலையில் இருப்பவர்கள் 22.8க்கு எதிரே 47.3. சொல்ல வேண்டிய எண் இது. இதிலும் வயது புகுந்துகொள்கிறது. மாற்றுத்திறனாளிகளில் முதியவர்கள் அதிகம் என்பதால், 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களைத் தனியாக எடுத்து ஒப்பிடுவதுதான் நியாயம்.

வறுமையை அளக்கக் குடும்பச் செலவைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். நம் கணக்கெடுப்புகளில் வருமானம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை, தலைக்கு மாதச் செலவைத்தான் பொருளாதார நிலையாகக் கொள்கிறோம். இரண்டு வீடுகள், ஒரே தெரு, மாதம் இருபதாயிரம் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட மகனுக்கு டயப்பர், சிறுநீர்க் குழாய், மருத்துவமனைக்குப் போக ஆட்டோ என்று ஆறாயிரம் போகிறது. தரவில் இரண்டு வீடும் சமம். சாப்பாட்டுத் தட்டில் சமம் இல்லை. கடன் வாங்கி மருந்து வாங்கினால் அந்த மாதம் அந்த வீடு ‘வசதி கூடிய’ பிரிவுக்கே ஏறிவிடக்கூடும்!

76ஆவது சுற்றில் குறைபாட்டுக்காகக் கைப்பணம் எவ்வளவு செலவானது என்ற கேள்வி இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு ஒருமுறை, கழிக்காமல் ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அம்மா வேலையை விட்டுவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டால் அந்த இழப்பு இதிலும் வராது.

குறைபாட்டால் வறுமை வந்ததா, வறுமையால் குறைபாடு வந்ததா? தரவு சொல்லுமா?

ஒரே ஒருமுறை எடுத்த தரவு தானாகச் சொல்லாது. ஆனால் கொஞ்சம் நெருங்கலாம். குறைபாடு பிறவியிலேயே வந்ததா, எந்த வயதில் வந்தது என்று 76ஆவது சுற்றில் இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகு குறைபாடு வந்தவரின் கல்வியைக் குறைபாடு கெடுத்திருக்க முடியாது. ஆகவே கல்வியைப் பற்றிப் பேசும்போது பிறவியிலோ சிறுவயதிலோ வந்தவர்களையும், வேலையைப் பற்றிப் பேசும்போது பின்னால் வந்தவர்களையும் பிரித்துப் பார்ப்பது பலன் தரும். ஐ.எச்.டி.எஸ்.ஸின் இரண்டு சுற்றுகளையும் இணைத்தால், முதல் சுற்றில் நன்றாக இருந்து இரண்டாவதில் நடக்க, பார்க்கச் சிரமப்படுபவரின் வீட்டில் இடைப்பட்ட காலத்தில் என்ன மாறியது என்று பார்க்கலாம். ‘காரணம்’ என்ற சொல்லை அப்போதும் சிக்கனமாகவே பயன்படுத்துங்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு மட்டும், அதிலும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு மட்டும் பிரித்து எடுக்க முடியுமா?

மாதிரிக் கணக்கெடுப்பில் முடியாது. மென்பொருள் ஒரு விடையைத் துப்பும், அதை நம்பக் கூடாது. மாநிலம், பால், சாதி, குறைபாட்டு வகை, வயது என்று வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களே நிற்பார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் அறிக்கைகளில் 25க்குக் கீழே ஆட்கள் இருந்தால் சதவீதத்தையே போடாமல் நட்சத்திரக் குறி வைப்பார்கள், 25 முதல் 49 வரை என்றால் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். நீங்களும் அதையே பின்பற்றலாம். மாவட்ட எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் கதி.

தேசியக் குடும்ப நல ஆய்வில் மாற்றுத்திறன் பற்றிய கேள்வி இல்லையா?

2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றில் கேட்டார்கள். ஆறாவது சுற்றில் கேள்வியை எடுத்துவிட்டார்கள். அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, மாதிரிக் கணக்கெடுப்பின் தரவே இருக்கிறது என்பது அரசுத் தரப்பின் வாதமாக இருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தாய்சேய் நலம், குடும்ப வன்முறை, ஊட்டச்சத்து எல்லாம் இந்த ஆய்வில்தான் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் பிரசவத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள மாதிரிக் கணக்கெடுப்பின் தனிச் சுற்று உதவாது.

தரவு எங்கே கிடைக்கும்? காசு கட்ட வேண்டுமா?

மாதிரிக் கணக்கெடுப்பின் தனிநபர் அளவிலான கோப்புகள் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா இணையதளத்தில் இலவசம், பதிவு செய்தால் போதும். லாசிக்கு மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஐ.எச்.டி.எஸ். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ள சமூக அறிவியல் தரவுக் காப்பகம் வழியாகக் கிடைக்கும், அதுவும் இலவசம்தான். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளை வாங்க வசதி இல்லையென்றால் ‘ஆர்’ மென்பொருளே போதும். எக்செலில் செய்ய முயல வேண்டாம், பிழை வரம்பை அதில் ஒழுங்காகப் போட முடியாது.

பெயர் இல்லாத தரவுதானே, நெறிமுறைக் குழு அனுமதி எதற்கு?

பல கல்லூரிகள் விலக்கு அளிக்கும், ஆனாலும் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாவிட்டாலும், ஒரு சிறு ஊரில் அரிதான குறைபாடு உள்ள ஒருவரை வயது, சாதி, தொழில் வைத்து அடையாளம் கண்டுவிட முடியும். அப்படித் தேட மாட்டேன் என்ற உறுதிமொழியின் பேரில்தான் தரவே உங்கள் கைக்கு வருகிறது.

ஆய்வு முறை அத்தியாயத்தில் கட்டாயம் எழுத வேண்டியவை?

கணக்கெடுப்பின் பெயர், சுற்று, மாதம், ஆண்டு. குறைபாட்டை அடையாளம் காணக் கேட்ட கேள்வியை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை. சொந்தமாக மொழிபெயர்த்தால் மூலமும் பின்னிணைப்பில் இருக்கட்டும். யார் பதில் சொன்னார்கள். வீடில்லாமல் தெருவில் வாழ்பவர்கள், விடுதிகளிலும் காப்பகங்களிலும் இருப்பவர்கள் அந்தச் சுற்றில் சேர்க்கப்பட்டார்களா இல்லையா. இது சுற்றுக்குச் சுற்று மாறும், கையேட்டில் பார்த்து எழுதுங்கள். பெருக்கியை எப்படிப் பயன்படுத்தினீர்கள். எத்தனை வரிசைகளை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள். ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் பெருக்கி போடாத ஆட்களின் எண்ணிக்கை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி பெரும்பாலும் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் வரும்.